விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி: மூன்று சர்வருக்கும் நடுவே ஃபைல் பகிர ஒரு முழு வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் தோல், ஷூ கம்பெனிகளின் சர்வர் ரூம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். டேலிக்காக வாங்கிய விண்டோஸ் சர்வர் ஒன்று, லைசென்ஸ் காசு மிச்சம் என்று யாரோ போட்டுக் கொடுத்த உபுண்டு ஒன்று, பேக்கப்புக்குப் பழைய பிசியில் ஏற்றிய ஃப்ரீபிஎஸ்டி அல்லது ட்ரூநாஸ் ஒன்று. மூன்றும் ஒரே சுவிட்சில்தான் சொருகியிருக்கும். ஆனால் பேட்டர்ன் ஃபைல் மட்டும் பென்டிரைவில் ஏறி, மாடிப்படி இறங்கி, கட்டிங் செக்‌ஷனுக்கு நடந்து போகும்.

இதைச் சரிசெய்யப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். தேவையானது எல்லாம் அந்த மூன்று மிஷினிலும் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்தில் எட்டு முறை சிக்கல் கேபிளிலும் இல்லை, ஃபயர்வாலிலும் இல்லை. இந்த மிஷினில் நீங்கள் யார், அந்த மிஷின் உங்களை யாரென்று நினைக்கிறது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இருக்கும்.

கட்டளைகளை உச்சரிப்பு வரும்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: விண்டோஸ் சர்வர் 2019, முகவரி 192.168.10.10, அதில் கணக்கும் ஏற்றுமதி ஆவணங்களும். உபுண்டு சர்வர், முகவரி 192.168.10.20, அதில் டிசைன் ஃபைல்கள். ஃப்ரீபிஎஸ்டி பேக்கப் பெட்டி, முகவரி 192.168.10.30.

எந்த ஃபோல்டருக்கு எந்த வழி

இரண்டு பாஷைகள்தான் முக்கியம். ஒன்று எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் வளர்த்தெடுத்தது. விண்டோஸ் பேசுவது இதைத்தான். லினக்ஸிலும் யுனிக்ஸிலும் இதைப் பேச வைப்பது சம்பா என்ற மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் கான்பெர்ராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், நெட்வொர்க்கில் என்ன போகிறது என்று உற்றுப் பார்த்து உற்றுப் பார்த்தே எழுதியது. இன்னொன்று என்எஃப்எஸ், 1984ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது, யுனிக்ஸ் குடும்பத்துக்குச் சொந்த பாஷை.

என் கணக்கு ரொம்ப எளிது. ஒரு ஃபோல்டரை ஒரு விண்டோஸ் மிஷினாவது தொடுகிறது என்றால் எஸ்எம்பி. இரண்டு பக்கமும் லினக்ஸ் அல்லது பிஎஸ்டி என்றால் என்எஃப்எஸ். ஒரே ஃபோல்டரை இரண்டிலும் எழுதும்படி திறந்துவிடாதீர்கள். ஃபைலைப் பூட்டும் விதம் இரண்டுக்கும் வேறு வேறு. ஒருவர் எஸ்எம்பி வழியாகவும் இன்னொருவர் என்எஃப்எஸ் வழியாகவும் ஒரே ஃபைலில் எழுதினால் யாருடைய வேலை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் வெறும் படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை, பேக்கப்பை நாம் அப்படித்தான் வைக்கப் போகிறோம்.

விண்டோஸ் சர்வரிலும் என்எஃப்எஸ் ரோல் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஓடவும் ஓடும். ஆனால் விண்டோஸ் பயனரையும் லினக்ஸ் எண்ணையும் பொருத்தி வைக்கும் வேலை சின்ன ஆபீசுக்கு வீண் தலைவலி. விட்டுவிடுங்கள்.

ராணிப்பேட்டை ஃபேக்டரிக்கும் வேலூர் ஆபீசுக்கும் நடுவே பகிர வேண்டும் என்றால் முதலில் விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போகும் பூட்டிய தனிப்பாதை), அதற்கு உள்ளேதான் பகிர்வு. ரூட்டரில் எஸ்எம்பியின் கதவான 445ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது என்பது பேசவே கூடாத விஷயம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். அதை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கை வைப்பதற்கு முன்

மூன்று சர்வருக்கும் ஐபி முகவரி நிலையாக இருக்க வேண்டும். ரூட்டர் தானாகக் கொடுக்கும் முகவரியை நம்பினால், கோடைக்காலத்தில் கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானத்தில் முகவரி மாறி, எல்லா டிரைவும் ஒரே நேரத்தில் செத்துக் கிடக்கும்.

மூன்றிலும் நேரம் சரியாக ஓட வேண்டும். டொமைன் (எல்லா விண்டோஸ் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத ஆபீசில் இது பெரிதாகத் தெரியாது. டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், அதில் ஆளை அடையாளம் பார்க்கும் கெர்பெரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் சரியான பாஸ்வேர்டுக்கும் உள்ளே விடாது. உபுண்டுவில் நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி போட்டுவிட்டால் போதும்.

அப்புறம் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.10.20 -போர்ட் 445 என்று அடித்தால் கடைசி வரியில் ட்ரூ என்று வர வேண்டும். இன்னும் சம்பா போடவில்லை என்றால் இப்போது ஃபால்ஸ்தான் வரும், சம்பா போட்ட பிறகு திரும்பப் பாருங்கள். லினக்ஸிலிருந்து என்சி -இஸட்வி 192.168.10.10 445. பிங் வருகிறதே என்று திருப்திப்படாதீர்கள். பிங் வந்தும் 445 மூடியிருப்பது தினசரி நடப்பது. விண்டோஸ் சர்வரில் நெட்வொர்க் பப்ளிக் என்று பதிவாகியிருந்தால் ஃபைல் பகிர்வுக்கான விதிகள் அடைபட்டிருக்கும், பிரைவேட் என்று மாற்றுங்கள்.

உபுண்டு ஃபோல்டரை விண்டோஸுக்குக் கொடுப்பது

சம்பாவை நிறுவ ஒரே வரி: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் சம்பா. கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதலில் குழு. டிசைன் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் குழு உருவாக்குங்கள் (குரூப்ஆட் டிசைன்). யார் யாருக்கு எழுதும் உரிமையோ அவரவர் பெயரில் ஒரு லினக்ஸ் பயனர், எல்லோரும் அந்தக் குழுவில். இவர்கள் சர்வரில் நேரடியாக லாகின் செய்ய வேண்டியதில்லை, அதனால் பயனரை உருவாக்கும்போதே ஷெல்லாக நோலாகின் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஆபீஸ் என்று ஒரே பயனர் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஆர்டர் ஃபோல்டரை யார் அழித்தது என்று முதலாளி கேட்கும் நாளில் பதில் சொல்ல வழி இருக்காது.

அடுத்தது ஃபோல்டர். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் / ஃபோல்டருக்குக் கீழே எஸ்ஆர்வி, அதற்குள் டிசைன் என்று வையுங்கள். யாருடைய ஹோம் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். சிஹெச்குரூப் கட்டளையால் ஃபோல்டரை டிசைன் குழுவுக்கு மாற்றி, சிஹெச்மாட் 2770 கொடுங்கள்.

அந்த 2770ல் முன்னால் நிற்கும் 2தான் இங்கே உயிர்நாடி. அது இல்லாமல் வெறும் 770 கொடுத்தால் முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ரமேஷ் ஒரு புது ஃபைல் வைக்கிறார் என்று வையுங்கள், அந்த ஃபைல் ரமேஷின் சொந்தக் குழுவில் போய் உட்காரும். அடுத்த நாள் கவிதா அதைத் திறந்து திருத்திச் சேமிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும். ஃபோல்டரில் அனுமதி இருக்கிறது, குழுவில் பெயரும் இருக்கிறது, அப்புறம் ஏன் என்று மண்டை காயும். 2 இருந்தால் உள்ளே பிறக்கும் ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே துணை ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றுக்கும் தனித்தனியாக 2 போக வேண்டும். ஃபைண்ட் கட்டளையில் டைப் டி கொடுத்து ஃபோல்டர்களுக்கு மட்டும் பொருத்துங்கள், ஃபைல்களுக்கு 660 போதும்.

இப்போது சம்பாவின் அமைப்புக் கோப்பு. ஈடிசி/சம்பா/எஸ்எம்பி.கான்ஃப் என்பதைத் திறந்து, கடைசியில் சதுர அடைப்புக்குள் டிசைன் என்று எழுதி, கீழே இந்த வரிகளைச் சேருங்கள்:

பாத் = /எஸ்ஆர்வி/டிசைன்
ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = @டிசைன்
ஃபோர்ஸ் குரூப் = டிசைன்
கிரியேட் மாஸ்க் = 0660
டைரக்டரி மாஸ்க் = 2770

கெஸ்ட் ஓகே என்ற வரியை எங்கேயாவது பார்த்துக் காப்பியடித்துச் சேர்க்காதீர்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அது வேலைக்கே ஆகாது. விண்டோஸ் சர்வர் 2019ம் விண்டோஸ் 11ன் புதிய பதிப்புகளும் பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளிப் பகிர்வைத் தாங்களாகவே மறுத்துவிடும்.

சேமித்த பிறகு டெஸ்ட்பார்ம் என்று அடித்துப் பாருங்கள், எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். அடுத்தது நிறையப் பேர் தவறவிடும் படி: சம்பாவுக்கு என்று தனி பாஸ்வேர்டு. லினக்ஸ் பாஸ்வேர்டு சம்பாவுக்குத் தெரியாது, அது தன் பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பயனருக்கும் சுடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ பயனர்பெயர் என்று அடித்து பாஸ்வேர்டு கொடுங்கள். பிறகு எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வால் ஓடுகிறது என்றால் யுஎஃப்டபிள்யூ அலவ் சம்பா.

உபுண்டுவுக்குப் பதில் ராக்கி அல்லது ஆல்மா லினக்ஸ் என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு குறுக்கே நிற்கும். அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் ஃபோல்டர் காலியாகத் தெரியும், அல்லது உள்ளே விடாது. ஃபோல்டருக்கு சம்பா_ஷேர்_டி என்ற முத்திரையை செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் பதிந்து, ரீஸ்டோர்கான் ஓட்டினால் சரியாகிவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு இதைச் செய்யுங்கள்.

விண்டோஸ் பக்கம் வந்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.10.20\டிசைன் என்று அடியுங்கள். பயனர், பாஸ்வேர்டு கேட்கும். திறந்துவிட்டால் அதையே எஸ் டிரைவாக மேப் செய்துகொள்ளலாம். நெட்வொர்க் பட்டியலில் உபுண்டு தானாகத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தெரிய வைக்க டபிள்யூஎஸ்டிடி என்ற சின்னச் சேவை இருக்கிறது, போட்டால் நல்லது, போடாவிட்டாலும் வேலை நடக்கும்.

இதை முடித்ததும் இரண்டு பயனர்களை வைத்துச் சோதியுங்கள். ஒருவர் ஃபைல் உருவாக்க வேண்டும், மற்றவர் திருத்த வேண்டும், முதலாமவர் திரும்ப வந்து அழிக்க வேண்டும். அட்மின் கணக்கில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு போன் வரும்: "அண்ணே, ஃபைல் திறக்குது, ஆனா சேவ் ஆக மாட்டேங்குது."

எக்ஸ்பி மிஷினும் பழைய ஸ்கேனரும்

நம் ஊரில் இதைச் சொல்லாமல் போக முடியாது. லெதர் வெட்டும் மிஷினோடு வந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருக்கும். மிஷினின் விலை பல லட்சம், அதன் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது, அதனால் யாரும் மாற்றவும் மாட்டார்கள். எக்ஸ்பிக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். சம்பா 2019ல் வந்த 4.11 முதல் அந்தப் பதிப்பைத் தானாகவே மூடி வைத்திருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2019லும் அது ஏற்றப்பட்டிருக்காது. சில பழைய ஜெராக்ஸ் மிஷின்களின் ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்யும் வசதியும் இதே கதைதான்.

சர்வர் மின் ப்ரோட்டோகால் = என்டி1 என்று ஒரு வரி சேர்த்தால் எக்ஸ்பியை உள்ளே விட ஒரு வழி கிடைக்கும் என்று இணையத்தில் பார்ப்பீர்கள். வழி கிடைக்கும்தான், ஆனால் அந்த அமைப்பு முழு சர்வருக்கும் பொருந்தும். ஒரு மிஷினுக்காக மொத்த ஆபீஸின் பூட்டையும் கழற்றி வைப்பது அது. அதற்குப் பதில் ஒரு பழைய பிசியிலோ சின்ன ராஸ்ப்பெரி பையிலோ தனியாக ஒரு சம்பா போட்டு, அதில் மட்டும் பழைய பதிப்பைத் திறந்து, அந்த நாளுக்குத் தேவையான கட்டிங் ஃபைல்களை மட்டும் ஆர்சின்க் என்ற காப்பி செய்யும் கருவி மூலம் அதற்கு அனுப்புங்கள். கட்டிங் மிஷின் அதைப் படிக்க மட்டும் செய்யட்டும். சுவிட்சில் விலான் வசதி (ஒரே சுவிட்சுக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது) இருந்தால் அந்த இரண்டையும் தனி விலானில் தள்ளிவிடுங்கள். ஸ்கேனருக்கு இவ்வளவு வேண்டாம். பெரும்பாலான ஜெராக்ஸ் மிஷின்களில் எஃப்டிபியோ மெயிலோ அனுப்பும் வசதி இருக்கும், ஆபீசுக்கு உள்ளேயே எஃப்டிபி வைத்துச் சமாளிக்கலாம்.

விண்டோஸ் ஃபோல்டரை உபுண்டுவில் ஏற்றுவது

இப்போது எதிர்த்திசை. விண்டோஸ் சர்வரில் இருக்கும் ஷிப்பிங் ஆவணங்கள் உபுண்டுவில் ஓடும் வெப் மென்பொருளுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸில் அனுமதி இரண்டு அடுக்கு: ஷேர் அனுமதி ஒன்று, அதன் கீழே என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். இரண்டு இடத்திலும் நுணுக்கமாக வைத்தால் பிறகு நீங்களே கண்டுபிடிக்க முடியாமல் திணறுவீர்கள். ஷேர் அனுமதியில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்பதற்கு முழு உரிமை கொடுத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்பதை என்டிஎஃப்எஸ் பக்கம் மட்டும் கட்டுப்படுத்துங்கள். உபுண்டுவுக்கு என்று விண்டோஸில் தனியாக ஒரு கணக்கு உருவாக்குங்கள், அதற்கு அந்த ஒரு ஃபோல்டர் மட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை லினக்ஸ் கோப்பில் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

உபுண்டுவில் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் நிறுவுங்கள் (சிஐஎஃப்எஸ் என்பது எஸ்எம்பியின் பழைய பெயர்). லினக்ஸின் அட்மினான ரூட் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் (/ரூட்) ஒரு சின்னக் கோப்பு, அதில் யூசர்நேம்=, பாஸ்வேர்ட்=, டொமைன்= என்று மூன்று வரி. சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. டொமைன் இல்லாத சர்வர் என்றால் மூன்றாவது வரியில் அந்த விண்டோஸ் சர்வரின் பெயர். கோப்புக்கு 600 அனுமதி. பாஸ்வேர்டை மவுண்ட் வரியிலேயே எழுதினால் அதில் கமா இருந்தாலே உடைந்துவிடும், அதனாலும் தனிக் கோப்புதான் நல்லது.

முதலில் கையால் ஏற்றிப் பாருங்கள் (ஏற்றுவது, அதாவது மவுண்ட், என்றால் அந்த ஷேரை உபுண்டுவின் ஒரு ஃபோல்டர் போலத் தெரிய வைப்பது): மவுண்ட் -டி சிஐஎஃப்எஸ், பிறகு //192.168.10.10/ஷிப்பிங், பிறகு ஏற்ற வேண்டிய இடம் /எம்என்டி/ஷிப்பிங், பிறகு -ஓ போட்டு கிரெடென்ஷியல்ஸ்=, யுஐடி=, ஜிஐடி=. கடைசி இரண்டும் முக்கியம். கொடுக்காவிட்டால் ஏற்றிய ஃபைல் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும், உங்கள் வெப் மென்பொருள் எழுதப் போனால் கை கழுவிவிடும். எந்தப் பயனரில் அந்த மென்பொருள் ஓடுகிறதோ அந்தப் பயனரின் எண்ணைக் கொடுங்கள். விண்டோஸ் உங்களைப் பார்ப்பது கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் உள்ள பெயரில், உபுண்டு உங்களைப் பார்ப்பது இந்த எண்ணில். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் ஃபைல் எழுதப்படும்.

நன்றாக வந்தால், பூட் ஆகும்போது எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ஈடிசி/எஃப்ஸ்டாபில் ஒரு வரியாக எழுதுங்கள். அதோடு நோஃபெயில், _நெட்டெவ், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற மூன்றையும் சேருங்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் காலியாகி எல்லாம் ஒன்றாக அணைந்து எழும்போது, உபுண்டு முதலில் எழுந்துவிடும், விண்டோஸ் சர்வர் இன்னும் அப்டேட் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். நோஃபெயில் இல்லாவிட்டால் உபுண்டு பூட் ஆகாமல் நடுவழியில் நின்றுவிடலாம். ஆட்டோமவுண்ட் இருந்தால் யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் ஏற்றும், அதற்குள் விண்டோஸ் தயாராகியிருக்கும். ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் எஃப்ஸ்டாபில் இடைவெளிக்குப் பதில் \040 என்று எழுத வேண்டும். அதைவிட ஷேர் பெயரில் இடைவெளியே வைக்காமல் இருப்பது மேல்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஏதோ காரணத்தால் ஷேர் ஏறவில்லை, ஆனால் /எம்என்டி/ஷிப்பிங் என்ற காலி ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கிறது. ரூட்டில் ஓடும் ஸ்கிரிப்ட் எதுவும் தெரியாமல் அதிலேயே எழுதித் தள்ளும், எல்லாம் உபுண்டுவின் சொந்த டிஸ்க்கில் போய் விழும். பிறகு ஷேர் ஏறியதும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும், யார் கண்ணுக்கும் படாது, டிஸ்க் மட்டும் நிறைந்துகொண்டே போகும். இதைத் தடுக்க, ஏற்றாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஆட்டர் +ஐ கொடுத்துவிடுங்கள். அதன்பின் ஷேர் ஏறாதபோது ரூட்டே எழுதினாலும் பிழைதான் வரும். ஏற்றிய பிறகு எந்தப் பாதிப்பும் இல்லை. இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் நான் பார்க்கும் சர்வர்களில் அபூர்வமாகத்தான் இருக்கிறது.

உபுண்டுவிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கு: என்எஃப்எஸ்

உபுண்டுவில் என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர் நிறுவி, ஈடிசி/எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி:

/எஸ்ஆர்வி/டிசைன் 192.168.10.30(ஆர்ஓ,சின்க்,நோ_சப்ட்ரீ_செக்)

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி இல்லை, கவனியுங்கள். ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் அர்த்தமே மாறிவிடும். 192.168.10.30க்கு இயல்பான உரிமை, அடைப்புக்குள் இருக்கும் உரிமையோ ஊர் உலகத்துக்கே என்று சர்வர் புரிந்துகொள்ளும். உள்ளே எழுதும் உரிமை இருந்திருந்தால் நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோரும் எழுதலாம். சேமித்து எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ அடித்த பிறகு, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி அடித்து என்ன திறந்திருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஃபயர்வாலில் 2049 போர்ட்டை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் திறங்கள், நான்காம் பதிப்புக்கு அது ஒன்றே போதும்.

என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் பாஸ்வேர்டு கேட்காது. எந்த முகவரியிலிருந்து வருகிறாய், உன் பயனர் எண் என்ன, அவ்வளவுதான். பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டுவில் 1001 ரமேஷ், ஃப்ரீபிஎஸ்டியில் 1001 வேறு யாரோ என்றால் அந்த வேறு யாரோ ரமேஷின் ஃபைலை எடுத்துக்கொள்வார். அதனால் இரண்டு பக்கமும் ஒரே எண்கள் இருக்கும்படி பயனர்களை உருவாக்குங்கள். வைஃபையில் யார் வேண்டுமானாலும் வந்து ஒட்டிக்கொள்ளும் நெட்வொர்க்கில் என்எஃப்எஸ் வேண்டாம்.

பேக்கப்பில் இன்னொரு கண்ணி. பேக்கப் வேலை ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டாக ஓடும், ஆனால் உபுண்டு வெளியிலிருந்து வரும் ரூட்டை யாரோ ஒரு நோபடி என்றுதான் எடுத்துக்கொள்ளும். இது ரூட் ஸ்குவாஷ், வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. நாம் ஃபைல்களுக்கு 660 கொடுத்திருக்கிறோம், நோபடிக்கு அதில் இடமில்லை. பேக்கப் ஓடும், லாகில் அனுமதிப் பிழை இருக்கும், யாரும் லாகைப் பார்க்க மாட்டார்கள். டிஸ்க் செத்த நாளில் பேக்கப்பைத் திறந்தால் ஃபோல்டர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. படிக்க மட்டும் என்ற ஆர்ஓவோடு சேர்த்து, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் நோ_ரூட்_ஸ்குவாஷ் கொடுத்தால் தீரும். எழுதும் உரிமையோடு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் ஏற்றுவது: மவுண்ட் -டி என்எஃப்எஸ் -ஓ என்எஃப்எஸ்வி4,ஆர்ஓ 192.168.10.20:/எஸ்ஆர்வி/டிசைன் /எம்என்டி/டிசைன். அங்கிருந்து இசட்எஃப்எஸ் டிஸ்க்குக்கு ஆர்சின்க் செய்து, தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே உறைய வைக்கும் பிரதி) எடுத்தால் ரேன்சம்வேர் வந்து டிசைன் ஷேரையே பூட்டினாலும் நேற்றைய பிரதி தனியே இருக்கும். பேக்கப் பெட்டிதான் வந்து எடுத்துப் போகிறது, மற்ற எந்த மிஷினுக்கும் அதில் எழுதும் உரிமை இல்லை. பேக்கப் டிஸ்க்கையும் இன்னொரு ஷேராக எல்லோருக்கும் மேப் செய்து வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

ஃபைல் பெயர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பெயர்கள்

லினக்ஸுக்கு சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறு வேறு. விண்டோஸுக்கு ஒன்றுதான். லினக்ஸில் நேரடியாக வேலை செய்பவர் இரண்டு விதமாகவும் இரண்டு ஃபைல் வைத்தால், விண்டோஸ்காரர் ஒன்றைத்தான் திறக்க முடியும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி இவையெல்லாம் விண்டோஸில் பெயரில் வரக் கூடாது, லினக்ஸில் வரலாம். தேதியையும் நேரத்தையும் முக்காற்புள்ளி போட்டுப் பெயராக வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால் விண்டோஸில் அந்தப் பெயர் கண்டபடி தெரியும்.

தமிழ்ப் பெயர் வைப்பதில் தவறே இல்லை, நீளத்தை மட்டும் பாருங்கள். லினக்ஸ் ஃபைல் பெயருக்கு 255 பைட் வரம்பு. யுடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "கி" என்பதே க, அதன் மேல் இகரக் குறி என்று இரண்டு குறியீடு, ஆக 6 பைட். மொத்தம் 85 குறியீடுகள்தான் கொள்ளும். விண்டோஸில் அந்த வரம்பு 255 குறியீடுகள். அதனால் விண்டோஸில் நன்றாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் உள்ள ஃபைல், உபுண்டு ஷேருக்குக் காப்பி செய்யும்போது பெயர் நீளம் என்று அடம்பிடிக்கும். வாடகை ஒப்பந்தம், பட்டா நகல் என்று முழு விவரத்தையும் பெயரிலேயே எழுதும் ஆபீஸ்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

இன்னொன்று, ஒகரக் குறி. "கொ"வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனியே, கால் தனியே என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். மிஷினுக்கு இரண்டும் வேறு. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் ஒரே ஃபோல்டரில் எப்படி இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான், நடுவில் ஒரு மேக் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

பூட்டு விஷயம்

எக்ஸெல், வேர்டு எல்லாம் சம்பாவில் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். இரண்டாமவர் திறந்தால் படிக்க மட்டும் என்று வரும். பழைய அக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல்கள்தான் வம்பு. அவற்றைப் பலபேர் ஒரே நேரத்தில் திறக்கும் ஷேரில் வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ் = /*.எம்டிபி/ என்று ஒரு வரி சேருங்கள் (ஆப்லாக் என்பது ஃபைலைக் கிளையன்ட் தன் பக்கமே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் அனுமதி). டேலி டேட்டாவை உபுண்டுவுக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விண்டோஸ் சர்வரில் ஓடுகிறதல்லவா, அங்கேயே விடுங்கள். பேக்கப்பை மட்டும் உபுண்டுவுக்கோ பிஎஸ்டிக்கோ எடுங்கள்.

தவறுதலாக அழிப்பதற்கு ஒரு வசதி உண்டு. நெட்வொர்க் டிரைவில் அழித்தால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். டிசைன் ஷேரில் விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் = ரீசைக்கிள் என்று சேர்த்து, எங்கே வைக்க வேண்டும் என்று ரீசைக்கிள்:ரெபாசிட்டரி வரியில் கொடுத்தால் அழித்ததெல்லாம் அங்கே சேரும். வாரம் ஒருமுறை பழையதைக் காலி செய்ய ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) போடுங்கள்.

பிழை வந்தால்

விண்டோஸில் 53 என்று வந்தால் மிஷினையே எட்ட முடியவில்லை. முகவரி, கேபிள், ஃபயர்வால், 445, இந்த வரிசையில் பாருங்கள். 5 என்று வந்தால் மிஷினை எட்டிவிட்டீர்கள், உள்ளே விட மறுக்கிறது: குழு, 2770, வேலிட் யூசர்ஸ்.

1219 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதே சர்வருக்கு நீங்கள் ஏற்கெனவே வேறு பெயரில் இணைந்திருக்கிறீர்கள், ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. நெட் யூஸ் * /டெலீட் அடித்து எல்லாவற்றையும் துண்டியுங்கள். பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் பழையதையே அனுப்பிக்கொண்டிருந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த சர்வரின் பதிவை நீக்கிவிட்டுத் திரும்ப இணையுங்கள்.

லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது 13 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு, அல்லது டொமைன் வரி தவறு. 2 வந்தால் ஷேர் பெயரில் எழுத்துப்பிழை. 112 வந்தால் ஹோஸ்ட் டவுன் என்று சொல்லும், ஆனால் மிஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எம்பி பதிப்பு ஒத்துவராததால்தான் பெரும்பாலும் அப்படி, வெர்ஸ்=3.0 கொடுத்துப் பாருங்கள். 115 என்றால் போர்ட் அடைபட்டிருக்கிறது. ராங் எஃப்எஸ் டைப் என்று வந்தால் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் நிறுவ மறந்திருப்பீர்கள்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் எஸ்எம்பிக்ளையன்ட் -எல் 192.168.10.20 -யு பயனர்பெயர் என்று உபுண்டுவுக்கு உள்ளிருந்தே கேட்டுப் பாருங்கள். அங்கேயே பட்டியல் வரவில்லை என்றால் சிக்கல் சம்பாவில், ஜேர்னல்சிடிஎல் -யு எஸ்எம்பிடியும் வார்/லாக்/சம்பா ஃபோல்டரும் காரணத்தைச் சொல்லும். உள்ளே வந்து விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸ் மிஷினையும் நடுவில் இருக்கும் சுவிட்ச், ஃபயர்வாலையும் தேடுங்கள். பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன் அடித்தால் எந்தப் பெயரில், எஸ்எம்பியின் எந்தப் பதிப்பில் இணைந்திருக்கிறீர்கள் என்று காட்டும். கிரெடென்ஷியல் என்ற நெடுவரிசையில் நீங்கள் எதிர்பார்த்த பெயர் இருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள்.